போன வருஷ ஊசி

கேள்வி: போன வருஷம்தானே ஃப்ளூ தடுப்பூசி போட்டேன்? இந்த வருஷமும் போடச் சொல்கிறாரே டாக்டர்!
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் அதே ஆள்தான், வைரஸ் அதே ஆள் இல்லையே! சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆசாமி அது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என ஆண்டுக்கு 2 முறை நிபுணர்களைக் கூட்டி, ஊசிக்குள் எந்த ரகம் இருக்கவேண்டும் என்று சொல்கிறது. போட்ட ஊசி வேலை செய்ய 2 வாரம் பிடிக்கும். ஐப்பசி மழை கொட்டி, வீட்டில் நாலு பேர் முறைவைத்து இருமும்போது ஓடினால் எப்படி? மெடிக்கலில் போய், 'ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்க' என்று நிற்பதும் வீண். அது பாக்டீரியாவுக்குத்தான் எமன். வைரஸ் அதைச் சட்டை செய்யாது. (மாற்றச் சட்டை வைத்திருக்கிறதே!) கையில் தும்மிவிட்டு அதே கையை நீட்டாதீர்கள், கும்பிடுங்கள். ஊசியைப் புரட்டாசியிலேயே போட்டுவிடுங்கள்.