கொக்கியார்

வங்கியில் சலான் எழுத வைத்திருக்கும் பேனாவை நூலால் கட்டிப்போட்டிருப்பதைப் பார்த்தால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். கொக்கியாருக்கு மரியாதை வரும். "பாருங்க, எத்தனை வருஷமா அதே பேனா!" என்பார். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு, வண்டிச் சாவிக்குச் சங்கிலி, ஆபீஸ் அட்டைக்கு இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் சுருள் என்று வாழ்கிறவர். அப்படிப்பட்டவர் நாற்பது தாண்டிய பிறகு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையா? ஒரு சனிக்கிழமை விடியற்காலை புதுச்சேரியில் டைவர்கள் படகேறும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஆள் தெரிவதற்கு முன்னால் கிணுகிணு என்று சத்தம் கேட்கும்.

சாமான் தொலைந்துவிடுமோ என்ற அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடலுக்கடியில் கை நழுவினது போனதுதான். டார்ச் தரைக்குப் போகும். மிதக்கிற சாமான் மேலே போகும். தொங்கவிட்ட பிரஷர் மீட்டர் பவளப்பாறையில் இடித்து அதையும் உடைக்கும், தானும் உடையும். அதனால்தான் தோளில் மாட்டும் ஜாக்கெட்டில் அங்கங்கே டி வடிவ வளையம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நமக்கு அது வளையம். கொக்கியாருக்கு அது காலியிடம்; நிரப்பாவிட்டால் தூக்கம் வராது. டார்ச் இரண்டு, எழுதும் பலகை, கயிற்றுச் சுருள், மேலே வரும்போது ஊதிவிடும் ஆரஞ்சு மிதவை, விசில், கேமரா, உபரி முகமூடி, சிலிண்டரில் தட்டி ஆளைக் கூப்பிடும் கோல் என்று எல்லாம் ஏறியபின் மனிதர் அலகுக் காவடி எடுத்தவர் மாதிரி நிற்பார்.

"சார், நீங்க முழுக ஈயக்கட்டி எதுக்கு சார்? கொக்கிப் பித்தளையே போதும்" என்பான் படகுக்காரத் தம்பி. அவன் சொல்வது பாதி வேடிக்கை, பாதி கணக்கு. ஆனாலும் ஈயப் பெல்ட்டையும் கட்டிக்கொள்வார். ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் கழன்று விழவேண்டிய பெல்ட் அது. அதன் குறுக்கே மூன்று கயிறு ஓடும். "விழுந்துட்டா? ஈயம் கிலோ என்ன விலை தெரியுமா?"

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. சிலிண்டரை ஜாக்கெட்டோடு பிணைக்கும் நைலான் பட்டை நனைந்தால் தளரும். காய்ந்த பட்டையை இறுக்கி மாட்டிக்கொண்டு குதித்தவருக்குச் சிலிண்டர் மெல்ல நழுவி இடுப்புக்கு வரும். கொக்கியார் பட்டையை முதலில் தண்ணீரில் முக்குவார், பிறகு இறுக்குவார், வால்வைப் பிடித்துத் தூக்கி ஆட்டியும் பார்ப்பார். இங்கே பெரும்பாலும் கிடைப்பது அலுமினிய சிலிண்டர். 200 பாரில் அடைத்த காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை. மூச்சுவிட விட அது குறைந்து, கடைசியில் காலிச் சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். முதுகில் இப்படிக் குணம் மாறுகிற பொருளைத் தளர்வாகக் கட்டக்கூடாது. அவர் சிலிண்டர் நழுவி யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் சிலிண்டரையும் கேட்காமலே இறுக்கிவிடுவார் என்பது வேறு விஷயம்.

அவருடைய பட்டறை சாப்பாட்டு மேஜை. ராத்திரி பத்து மணிக்கு மேல் நைலான் நூலும் போல்ட் ஸ்னாப் கொக்கிகளும் பரப்பிக்கொண்டு உட்காருவார். கொக்கியின் கண்ணில் நூலைக் கோத்து, ரப்பர்க் குழாயைச் சுற்றி, மறுபடி கண்ணில் நுழைத்து, நடுவில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, நுனியை லைட்டரால் உருக்கிக் கட்டைவிரலால் அமுக்குவார். "ஏங்க, என்ன கருகுது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "பாதுகாப்பு கருகுது" என்பார், விரலை ஊதிக்கொண்டே.

இந்தக் கட்டு முறை வடக்கு ஃபுளோரிடாவின் தண்ணீர்க் குகைகளில் இறங்குகிறவர்களிடமிருந்து வந்தது. இரும்போடு இரும்பைக் கோக்காதே, நடுவில் நூல் இருக்கட்டும். சிக்கினால் கத்தியால் அறுத்துக்கொண்டு வரலாம் என்பது அவர்கள் சட்டம். அழுத்தினால் வாய் திறக்கும் கேரபினர் வகைக்கு அவர்கள் வைத்த பெயர் தற்கொலைக் கொக்கி. போகிற போக்கில் எந்தக் கயிறு உரசினாலும் தானே வாய் திறந்து கவ்விக்கொள்ளும், விடாது. வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவரின் பெயரால் வழங்கும் பாணியின் சாரமே, வேண்டாததைக் கொண்டு போகாதே என்பதுதான். கொக்கியார் மெயினை ரொம்ப மதிப்பவர். அந்தப் பாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படகு கரை சேர்ந்துவிடும். நூலில் கட்டிய கையோடு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று பக்கத்திலேயே ஒரு கேரபினரும் மாட்டிவைப்பார்.

இதெல்லாம் பயிற்சியில் அம்பலமானது. மஞ்சள் நிறத்தில் இரண்டாவது மூச்சுக்குழல் ஒன்று உண்டு, ஆக்டோபஸ் என்பார்கள். கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு. மோவாய்க்கும் விலாவுக்கும் நடுவில், ஒரு இழுப்பில் கையோடு வரும்படி செருகியிருக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் கூட்டாளிப் பையன் தொண்டையில் கையை வெட்டிக் காட்டினான். காற்று இல்லை என்று அர்த்தம். கொக்கியார் இழுத்தார். டார்ச் வந்தது. இன்னொன்றை இழுத்தார். எழுதும் பலகை வந்தது. பையன் அதை வாங்கி, "காற்று" என்று எழுதிக் காட்டினான். மூன்றாவது இழுப்பில் சுருளில் மாட்டிய கேமரா நீண்டு வந்து, விட்டவுடன் அவர் மோவாயிலேயே போய் அடித்தது. அதற்குள் பயிற்சி தரும் மாஸ்டர் தன் மஞ்சள் குழலைப் பையன் வாயில் கொடுத்துவிட்டார். மேலே வந்ததும் கொக்கியார் சொன்னது: "பாத்தீங்களா மாஸ்டர், ஒண்ணுகூடத் தொலையல!"

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்களுக்கு இவ்வளவு சாமான் கிடையாது. இறங்க ஒரு கல், ஏற ஒரு கயிறு, சிப்பி அள்ள ஒரு வலைப்பை. மேலே கயிறு பிடிப்பவன் மட்டும் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் அக்கா தாலிக்கு அவன்தானே பொறுப்பு. இதைக் கேள்விப்பட்ட கொக்கியார் மச்சானையும் ஒருமுறை படகுக்கு அழைத்து வந்தார். மச்சான் அந்த அலங்காரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அத்தான், கயிறு பிடிக்கறேன். ஆனா இதுல எந்தக் கயிறுன்னு சொல்லுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை படகில் இவர் பக்கத்தில் உங்களுக்கு இடம் கிடைத்தால், குதிப்பதற்கு முன் உங்கள் ஜாக்கெட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய கேரபினர் ஒன்று அதைக் கவ்விக்கொண்டிருக்கும். அறுப்பதற்கு அவரிடம் கத்தி கேட்காதீர்கள். இருக்கிறது, ஆனால் எடுக்க வராது.