யூட் வாங்கப்போகிறவர்

வாகனங்களைப் பொறுத்தமட்டில் மனிதர்களை வாங்கினவர், விற்றவர், வாங்க வகையில்லாமல் பெருமூச்சு விடுகிறவர் என்று மூன்றாகப் பிரிப்பதே நான் அறிந்த சம்பிரதாயம். கையில் பணமும், மனத்தில் ஆசையும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வேண்டிய மட்டும் பொழுதும் இருந்தும், வருஷக்கணக்காக ‘வாங்கப்போகிறவர்’ என்ற ஒரே பதவியில் நிலைத்து, அந்தப் பதவியிலேயே பூரண திருப்தியும் கண்டுவிட்ட நாலாவது வர்க்கம் ஒன்று உண்டென்பதை, ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரத்துக்குப் புறத்தே குடியேறி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு பரிச்சயம் கொண்ட பிறகே தெரிந்துகொண்டேன்.

அவர் வாங்கப்போவது யூட். முன்பாதி காராகவும் பின்பாதி சாமான் தட்டாகவும் அமைந்து, இன்னதென்று ஒரு பெயரில் அடங்காமல் நரசிங்க அவதாரம்போல் நிற்கும் அந்த வண்டிக்கு ஜன்ம பூமியே இந்த ஜீலாங்தான். 1932இல் கிப்ஸ்லாந்துப் பிரதேசத்து விவசாயி ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை நனையாமல் மாதாகோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டியாகச் செய்து தரலாகாதா என்று ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாளாம். அதன்மேல் லூ பாண்ட் என்ற இளம் வரைவாளர் வகுத்த வண்டி 1934இல் இங்கே உற்பத்தியாயிற்று. கோயில் ஒன்று, பன்றி ஒன்று; இரண்டே நிபந்தனை. அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் போதுமாயிருந்தது. நம் நண்பர் இதுவரை ஆறு நோட்டுப் புத்தகங்களை எழுதி நிரப்பியிருக்கிறார்.

குடிவந்த புதிதில், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “டீசல் யூட்டுகளில் எது நல்லது?” என்று கேட்டுவைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேதாந்த விசாரம் செய்பவரிடம் பிரம்மம் என்ன விலை என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை அது. “நல்லது என்றால் எதற்கு, மேட்?” என்றார். அந்த எதிர்க்கேள்விக்கு நான் உடனே ஒரு பதில் சொல்லித் தப்பியிருக்க வேண்டும், சொல்லாமல் விழித்தேன். நாற்பது நிமிஷம் கழித்து அவருடைய மனைவி வந்து அழைத்தபோது ரோஜாப் பாத்தி குளமாகியிருந்தது. பிரசங்கம் மட்டும் முகவுரையைத் தாண்டவில்லை.

அவர் யூட்டுகளைப் பார்க்கிற விதத்துக்கு நம்மிடையே உள்ள ஒப்புமை ஒன்றுதான்: பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனார், ஜாதகக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பொருத்தமும் பார்க்கிற காட்சி. ஃபோர்டு ரேஞ்சரின் மூன்று லிட்டர் வி-6 என்ஜினுக்கு 184 கிலோவாட் சக்தி, 600 நியூட்டன் மீட்டர் டார்க். டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டருக்கு 150, 500. மிட்சுபிஷி டிரைட்டனின் 2.4 லிட்டருக்கு இரண்டு டர்போ இருந்து 150, 470; இசுசு டி-மேக்ஸின் மூன்று லிட்டருக்கு 140, 450. இவை நோட்டுப் புத்தகத்தைத் திறவாமலே அவர் நாவில் நட்சத்திரம், ராசி, லக்கினம் மாதிரி வந்து விழும். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ரேஞ்சரே மாப்பிள்ளை என்று நாம் அவசரப்பட்டுச் சொன்னோமோ, தொலைந்தோம். “ஆனால்” என்பார். அவருக்கு மிகவும் பிரியமான சொல் அது. வி-6க்கு விலை அதிகம். ஆனால், இசுசு லாரி செய்கிற வம்சம், அதன் என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் உழைக்கும். ஆனால், மேட்டில் இழுக்கும்போது சத்தம் அதிகம். ஹைலக்ஸுக்கு எந்தக் குக்கிராமத்திலும் உதிரிப்பாகம் அகப்படும். ஆனால், பின் ஆசனத்தில் முழங்கால் இடிக்கும். டிரைட்டன் விலையில் சகாயம், அதன் உயர்ந்த ரகங்களைத் தார்ச் சாலையிலும் நாலு சக்கரத்தில் ஓட்டலாம். ஆனால்… இப்படி ஒவ்வொரு குணத்தின் வாலையும் ஒரு குறை பிடித்துக்கொண்டிருக்க, குறையற்ற வரன் கிடைக்கும்வரை கல்யாணம் நின்றுகொண்டே இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் அமராக் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு தர்மசங்கடம். அது ரேஞ்சரோடு ஒரே கருவில் உருவானது, என்ஜினும் அதேதான், ஒருவர் தாய்லாந்தில் பிறந்து, மற்றவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த சகோதரர்கள். சகோதரர்களுள் எவரைத் தள்ளுவது? இரண்டு பக்கத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவரைக் கட்சிக்காரர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு குடும்பம், ஹோல்டன் குடும்பம் என்று இரண்டு சமயங்கள் இருந்தன; நம் ஊரில் வடகலை தென்கலை நாமத்துக்கு நடந்த வழக்குக்கு அது எவ்விதத்திலும் இளைத்ததன்று. 2016 அக்டோபரில் ஃபோர்டும், 2017 அக்டோபரில் ஹோல்டனும் இந்நாட்டில் கார் செய்வதை நிறுத்திவிடவே, மூலவர் இல்லாத கோயில்களில் பக்தர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் நண்பரோ அந்தச் சில்லறை பக்தியெல்லாம் கடந்தவர். 2016 முதல் 2022 வரை வருஷந்தோறும் இந்நாட்டில் அதிகம் விற்ற வண்டி ஹைலக்ஸ், 2023இல் ரேஞ்சர் அதை முந்தியது என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னபோது, “ஜனங்கள் வாங்குகிறார்கள் என்பது ஒரு பிரமாணமா?” என்று ஒதுக்கிவிட்டார். வாங்குகிறவர்களிடம் அவருக்கு உள்ளூர ஓர் இளப்பம் உண்டு. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் அல்லவா?

அவருடைய வித்தை பரிபூரணமாகப் பிரகாசிப்பது இழுவைக் கணக்கில்தான். பரிகாசம் ஒருபுறம் இருக்க, இந்தக் கணக்கை அவர் எனக்குப் படிப்பித்தபோது நான் மெய்யாகவே அவரிடம் மரியாதை கொண்டேன். விளம்பரத்தில் எல்லா யூட்டுகளும் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும். நம்மைப் போன்ற பாமரர், 3,500 கிலோ கேரவன் ஒன்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, மனைவி மக்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைப்போம். வண்டியும் கேரவனும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த இன்னொரு வரம்பு உண்டென்பதும், அதற்கு ஜி.சி.எம். என்று பெயர் என்பதும், அது சிறிய எழுத்தில் வேறொரு பக்கத்தில் அச்சாகியிருக்கும் என்பதும் நமக்குத் தெரியாது. அவர் ஓர் உதாரணம் போட்டார். ஜி.சி.எம். 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கேரவன் 3,500 போனால் யூட்டுக்கு மிச்சம் 2,500. வெறும் யூட் 2,130. ஆக, ஏற்றத்தக்க பாரம் 370 கிலோ. அதில் முன்புறத்துக் காப்புக் கம்பியான புல் பார் 60. மணலில் புதைந்தால் இழுத்துக்கொள்ள வின்ச் 30. பின் தட்டின்மேல் பூட்டிய கூண்டு 120. இழுப்பறைகளும் குளிர்சாதனப் பெட்டியும் 80. கூட்டினால் 290. மீதி 80 கிலோ.

“சரி, இன்னும் 80 கிலோ இருக்கிறதே” என்றேன் நான், சந்தோஷத்துடன்.

“என் எடை 95” என்றார் அவர்.

சிறிது நேரம் நாங்கள் இருவரும் மௌனமாக அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேரவன் போகலாம், புல் பார் போகலாம், குளிர்சாதனப் பெட்டியும் அதனுள்ளிருக்கும் பீரும் போகலாம். ஓட்டுகிறவர் மட்டும் வீட்டிலிருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லிற்று. கொக்கியின்மேல் கேரவனின் மூக்கு அழுத்துகிற பாரம் சாதாரணமாக அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 350 கிலோ, அது பின் அச்சைப் போய்த் தாக்குகிறது என்று அடுத்த அத்தியாயத்தை அவர் தொடங்குகையில், தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “விடை சரியாகத்தான் வந்திருக்கிறது. இதுவரையில் யாரும் போகவில்லையே!” என்றாள்.

போகவேண்டிய இடம் எது என்பதில் ஆதிநாள் தொட்டு அவருக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. சிம்ப்சன் பாலைவனம். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் 1,100க்கு மேற்பட்ட மணல்மேடுகள். கிழக்குக் கோடியில், பேர்ட்ஸ்வில் ஊருக்கு அருகே, சுமார் 40 மீட்டர் உயரத்தில் நிற்கும் ‘பிக் ரெட்’ என்ற செம்மேடு. மேற்கிலிருந்து கிழக்கே போனால் ஏற்றம் சற்று இலகுவானது; டயரில் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டால் சக்கரம் ஒட்டகத்தின் பாதம்போல் பரந்து மணலில் மிதக்கும்; மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்குத் தெரியும்படி வண்டியின் முகப்பில் உயரமான கம்பத்தில் கொடி பறக்க வேண்டும் என்பது சட்டம். இவ்வளவும் அவருக்குக் கரதலப் பாடம். கொடியை நாலு வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்டார். பாரமான கேரவனை அந்த மேடுகள்மேல் இழுத்துப் போவது புத்திசாலிகள் செய்கிற காரியமல்லவே, பின் ஏன் 3,500 கிலோ விசாரம் என்று ஒரு தடவை நான் கேட்டேன். கேரவன் கரையோர யாத்திரைக்கு, பாலைவனம் வேறு யாத்திரை, இரண்டுக்கும் ஒரே யூட் பொருந்த வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்றார். கோயிலும் பன்றியும் இன்னும் விடவில்லை.

அந்த மணலில் வாங்கங்குரு என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணறு கண்டு நடந்தே வாழ்ந்தார்கள். 1936இல் டெட் கோல்சன் என்பவர், பீட்டர் எயின்ஸ் என்ற பழங்குடித் தோழரோடு ஒட்டகங்களைக் கொண்டு அந்தப் பாலைவனத்தைக் கடந்தார். அதன் கிழக்கு ஓரத்தில், மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடத்தில், டாம் குரூஸ் என்ற தபால்காரர் பழைய லேலண்ட் பேட்ஜர் லாரி ஒன்றில் தபாலும் சாமானும் கொண்டுபோனார். பின் சக்கரங்கள் மட்டும் சுழலும் லாரி அது. மணல் வந்தால் இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு முன்னே போட்டு, அதன்மேல் ஓட்டி, இறங்கி எடுத்து, மறுபடி முன்னே போட்டுப் போவார். 1954இல் வெளிவந்த ‘தி பேக் ஆஃப் பியாண்ட்’ என்ற படத்தில் அதைக் காணலாம். இந்தச் சரித்திரத்தைச் சொன்னால் நண்பருக்கு உற்சாகம் பிறந்து புறப்பட்டுவிடுவார் என்பது என் எண்ணம். கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்து, “அந்த லாரிக்கு ஜி.சி.எம். எவ்வளவு?” என்றார்.

இதனால் அவர் யூட்டே இல்லாதவர் என்று கொள்ள வேண்டாம். பழைய டீசல் யூட் ஒன்று வாசலில் நிற்கிறது. கடைக்கும், குப்பை கொட்டுமிடத்துக்கும், மறுபடி கடைக்குமாக அது தொண்டு செய்கிறது. டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி ஒன்று அதில் உண்டு. நெடுந்தூரம் சூடாக ஓடினால் அந்தக் கரி தானே எரிந்து சாம்பலாகிவிடும். பாலுக்கும் ரொட்டிக்குமாக ஐந்து நிமிஷம் போய் வருகிற வண்டியில் எரியாமல் அடைத்துக்கொண்டு, முகப்பில் மஞ்சள் விளக்கு தோன்றும். விளக்கு தோன்றிய அன்று நண்பருக்கு யாத்திரை. தொப்பி தரித்து, குடுவையில் தேநீர் நிரப்பி, மெல்போர்ன் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் போய், அரைமணி நேரம் திரும்பி வருவார். ஒருமுறை நானும் உடன் சென்றேன். பிரயாணத்தின் நோக்கம் கரியை எரிப்பதே என்றாலும், வழியெல்லாம் எதிரே வந்த புதிய யூட்டுகளின் குணதோஷங்களை அவர் விஸ்தரித்த ஆனந்தத்தில், பிக் ரெட்டின் உச்சியில் நின்றாலும் மனிதருக்கு இதைவிட அதிகம் கிடைத்திருக்குமா என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது.

சென்ற வருஷம் எங்கள் தெருவிலுள்ள ஓர் இளம் தச்சர் இவரிடம் யோசனை கேட்க வந்தார். பத்து நிமிஷம் கேட்டார், ஜி.சி.எம். கணக்கை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் ஒரு யூட்டை வாங்கி, ஆகஸ்டில் கேரவன் இல்லாமல் சிம்ப்சனைக் கடந்து, வண்டியெங்கும் செம்மண் பூசித் திரும்பி வந்தார். பையன் கரையேறிவிட்டானே என்று நண்பருக்கு வருத்தம் இருக்குமோ என்று பார்த்தேன். துளியும் இல்லை. பேனாவைத் திறந்துகொண்டு, “மணலில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடித்தது?” என்று கேட்டு, ஏழாவது நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டார்.

நாங்கள் இருக்கும் விக்டோரியா மாகாணத்தில் தக்காளி நாற்று நடுவதற்கு நாள் நட்சத்திரம் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம்; நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. இந்த வருஷமும் அன்று அவருடைய மனைவி நாற்றை நட்டுவிட்டு, ஷெட்டில் நெடுநாளாகச் சாத்தியிருந்த கொடிக் கம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இது இவ்வருஷம் தேவைப்படுமா என்று கணவரைக் கேட்டாள். இரண்டே யூட்டுகள்தாம் மிச்சம், மாதக் கடைசிக்குள் முடிவு செய்துவிடுவதாக அவர் வாக்களித்தார். அவள் கம்பத்தைச் செடிக்குப் பக்கத்தில் ஊன்றி, தண்டை அதில் கட்டினாள். ஆரஞ்சு நிறக் கொடி வேலிக்குமேல் பறப்பது என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது.

டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயில் காலத்தை முன்னிட்டுச் சிம்ப்சன் பாலைவனம் மூடப்பட்டிருக்கும்.