சவர்த்தண்ணீரும் சவர்க்காரமும்: ஒரு பேரப்பிள்ளையின் துண்டுகள் பற்றிய ஆய்வு

மன்னார்க் கோட்டையைப் பற்றி எழுதியாயிற்று. பள்ளிமுனைப் பெருக்க மரத்தின் இடுப்பை நூல் பிடித்து அளந்தாயிற்று. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன கப்பல் 1964 புயலோடு நின்றதை நினைத்துக் கண்ணீரும் விட்டாயிற்று. ஆனால் பகலில் பத்தும் இரவில் ஐந்துமாகத் துண்டு நனைக்கும் பிள்ளைக்கு எந்தச் சவர்க்காரம் போட்டுத் துவைப்பது என்ற கேள்விக்கு இத்தீவின் புலமையுலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பேத்தி பிறந்து நாற்பதாம் நாள் இந்த ஆய்வு வெற்றிடம் என் மடியில் வந்து விழுந்தது. ஈரமாகத்தான் விழுந்தது.

முதலில் கலைச்சொல். கடையில் நாப்பி, வீட்டில் துண்டு, மாமியார் காலத்தில் பழைய வேட்டியைக் கிழித்த சீலைத்துண்டு. மூன்றும் ஒன்றுதானா என்று யாராவது தனியே முனைவர் பட்டம் செய்யட்டும். பம்பர்ஸ் கட்டுவோர் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள்.

சவர்க்காரம் என்பதைப் பிரித்தால் சவர், காரம் என்று இரண்டு நிற்கும். சவர் என்றால் உவர்ப்பு. பேசாலையில் எங்கள் வளவுக் கிணற்றில் அது வேண்டியமட்டும் உண்டு. ஆகவே வாங்கவேண்டியது பிற்பாதி மட்டுமே, அதை அரைவிலைக்குத் தரவேண்டும் என்பது என் முதற் கருதுகோள். கடைக்காரர் அதை ஏற்கவில்லை.

முறையியல் எளிது. எட்டுத் துண்டுகளின் மூலையில் நூலால் இலக்கமிட்டேன். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் துவைத்துக் காயவிட்டுப் பிள்ளைக்குக் கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. என் சாரம் நனைந்தால் துண்டு தோல்வி. இதை மடிச்சோதனை என்க.

மஞ்சள் கட்டி, நீலக் கட்டி, பிள்ளைச் சவர்க்காரம், வேப்பெண்ணெய்க் கட்டி என முதல் நான்கும் தோற்றன. துண்டு அப்பளம்போல விறைத்து நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாழையிலைமேல் விட்டதுபோல உருண்டது. பழியைச் சவர்க்காரத்தின்மேல் போட முடியாது. தீவின் மணலுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். குழாய்த்தண்ணீர் வரும் முருங்கன் பக்கமும் அதே கதை. அதில் ஊறிவரும் கல்சியமும் மகனீசியமும், கட்டிச் சவர்க்காரம் நுரைப்பதற்கு முன்பே அதைப் பிடித்துக் கரையாத பிசுக்காகத் திரித்துவிடுகின்றன. அழுக்கு போகவேண்டிய இடத்தில் பிசுக்கு வந்து குந்திக்கொள்ளும். கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 180 மில்லிகிராம் தாண்டினால் நீரியலார் ‘மிகக் கடின நீர்’ என்பர். மனைவி ‘உதவாத தண்ணி’ என்பாள்.

கடலிலேயே துவைத்தால் என்ன என்றொரு கிளைக்கொள்கையும் எழுந்தது (எனக்குத்தான்). கடல்நீரில் லீற்றருக்கு மகனீசியம் சுமார் 1.3 கிராம், கல்சியம் 0.4 கிராம். ஐந்தாம் துண்டு காய்ந்து உப்புப் பூத்தது. பொழுதுபட்டதும் காற்றிலிருந்த ஈரத்தைத் தானே குடித்து மறுபடி நனைந்தது. பிள்ளை தேவைப்படவேயில்லை.

ஆறாவதற்குச் சலவைத்தூள். தூள் கல்சியத்துக்கு அவ்வளவு இலேசில் மசியாது. சாரம் முதல்முறையாகத் தப்பியது. துண்டில் தெரிந்த பளபளப்பு மட்டும் ஏமாற்று. தூளிலுள்ள ஒளிர்பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை நீலமாக மாற்றிக் காட்டுகிறது. ஏழாவதற்குத் துணி மென்மையாக்கி. அது நூலிழைமேல் கொழுப்புப் படலமிட்டு மென்மையாக்குகிறது. தொட்டால் பூ, நனைந்தால் மழைக்கோட்டு.

சரி, தூள்தான் என்று எழுதிக் கையொப்பமிடும் வேளையில் கிணறு குறுக்கிட்டது. இத்தீவின் நன்னீர், மழை மணலில் இறங்கி உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு படை. 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தரின் வழிவந்த கைபன் என்ற பொறியியலாளரும், 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் இதற்குக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நிற்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உவர் நாற்பது அடி ஏறிவரும். தூள் பிள்ளையின் தோலில் படாமலிருக்க ஆறு வாளி அலசவேண்டும். மோட்டர் போட்டு அலச அலசக் கிணறு கரிக்கும். கரிக்கக் கரிக்கத் தூள் கூடும். தூள் கூடினால் அலசல் கூடும். நான் சவர்க்காரத்தை ஆராய்ந்துகொண்டிருக்க, ஆராயவேண்டியதை மோட்டரில் இறைத்துக்கொண்டிருந்தேன்.

இதை வரைபடமாக்கி மனைவியிடம் காட்டினேன்.

“இஞ்சருங்க, தொட்டியில மழைத்தண்ணி கிடக்கு. கடைசி அலசலுக்கு ரெண்டு வாளி அதில எடுங்க, ஒரு மூடி வினாகிரி விடுங்க. தூள் எதெண்டாலும் ஒண்டுதான், கொஞ்சமாப் போட்டாக் காணும்.”

வினாகிரியின் அமிலம் சுண்ணாம்புப் படிவையும் மூத்திரத்தின் அமோனியாவையும் ஒருசேரத் தீர்க்கும் என்பதை நான் பிறகு புத்தகத்தில் உறுதிசெய்தேன். முன்னோர் ஆய்வு மீளாய்வில் இவளைச் சேர்க்காமல் விட்டது என் பிழை.

எட்டாம் துண்டு அம்முறைப்படி துவைக்கப்பட்டுக் கச்சான் காற்றில் மற்ற ஏழோடும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. மன்னார்க் கழுதைகளை அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் இவற்றின் இனத்தார் அழுக்குப்பொதி சுமந்தார்கள்; இங்கே பெரும்பாலானவை எசமானின்றித் தெருவளந்து திரிகின்றன. அவற்றில் ஒன்று வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, எட்டையும் வரிசையாக முகர்ந்து, ஏழை விட்டுவிட்டு ஒன்றைத் தெரிந்தெடுத்தது. ஆகவே எட்டாம் துண்டின் மடிச்சோதனை முடிவு இங்கே சேர்க்கப்படவில்லை.