செல்ஃப் எடுக்காமை: ஓர் ஒலியிலக்கண ஆய்வு

கார் கிளம்ப மறுக்கும் காலைப்பொழுதுகளுக்குத் தமிழில் இதுவரை இலக்கணம் வகுக்கப்படவில்லை. இத்தனை நூற்பாக்களைச் செய்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்பது வியப்பு. ஆய்வுக்களம், எங்கள் குடியிருப்பின் தரைத்தளம். ஆய்வுப்பொருள், என் பதினான்கு வயதுக் கார். தகவலாளர்கள், காவலாளி அண்ணனும் இரண்டாம் மாடி மாமாவும்.

முதலில் சொல்லதிகாரம். ‘செல்ஃப் அடிக்குது, வண்டி பிடிக்கலை’ என்பது வேறு. ‘செல்ஃபே எடுக்கலை’ என்பது வேறு. முன்னதில் எஞ்சின் சுற்றுகிறது, பெட்ரோலோ தீப்பொறியோதான் வரவில்லை. அது பிறர் ஆய்வுக்குரியது. பின்னதில் எஞ்சின் அசையவே இல்லை. ‘எடு’ செயப்படுபொருள் குன்றாத வினை. ஆயினும் செல்ஃப் எதை எடுக்கவில்லை என்று எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொன்னதில்லை. சார்லஸ் கெட்டரிங்கின் கைவண்ணத்தில் 1912-இல் கேடிலாக் காரில் ஏறியது இந்த மின்சார செல்ஃப். அதற்குமுன் பெரும்பாலான கார்களில் முன்பக்கம் கம்பியைச் செருகிக் கையால் சுழற்றினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். செல்ஃப் என்னும் ‘தான்’ எங்கே இருக்கிறது என்று ஞானிகள் காடு மலையெல்லாம் தேடினார்களாம். கியர்பாக்ஸை ஒட்டி, இரண்டு மூன்று போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி எழுத்ததிகாரம். சாவியைத் திருப்பியதும் எழும் ‘டக டக டக’ இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா? பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. இங்கோ ஒற்றை ‘டக்’குக்கே பொருள் உண்டு: செல்ஃபின் மின்காந்தச் சுவிட்சான சோலனாய்டு இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எஞ்சினே இறுகியிருக்கலாம். ஆகவே இது அடுக்குத்தொடர்தான். ஆனால் அடுக்குக்கு நன்னூல் நான்கு வரைதான் இடம் தருகிறது. இறங்கிய பேட்டரி நன்னூல் படித்ததில்லை. சோலனாய்டு இழுத்ததும் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது, வோல்டேஜ் சரிகிறது, சோலனாய்டு கையை விடுகிறது, பளு போனதும் வோல்டேஜ் மீள்கிறது, மறுபடியும் இழுக்கிறது. சாவியை விடும்வரை அடுக்கிக்கொண்டே போகும்.

இங்கே மாமா குறுக்கிட்டார். “பாட்டு பாடுது, ஹாரன் அடிக்குது. பேட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு.” இம்மதம் நாடெங்கும் பரவியது. பாட்டுக்குச் சில ஆம்பியர் போதும். வெற்றிலை பாக்கு வாங்கக் காசு வைத்திருப்பவர் கல்யாணத்தையே நடத்திவிடுவார் என்பது போன்ற வாதம் இது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு வந்தால் கால்வாசிகூட நிச்சயமில்லை. என்னுடையது 11.7. கதவு சரியாகச் சாத்தாமல் மூன்று நாள் எரிந்த உள்விளக்கின் திருப்பணி. சாத்தாமல் விட்டது யார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மீட்டர் இல்லாதோர்க்கு முகப்பு விளக்கே உரையாசிரியர். அதைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், பட்டென அணைவது பெரும்பாலும் டெர்மினலில் பிடிப்பில்லாததால் அல்லது பச்சைப் பூப்பூத்ததால், மங்கினால் பேட்டரி, மங்காமலே எரிந்தால் செல்ஃபுக்கு மின்சாரமே போகவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘டி’யில் நின்றாலும் இதே மௌனம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கியவை போன்ற கார்களில் எந்தச் சோதனையும் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. சுற்ற முயன்றால் கனெக்டிங் ராடு வளையலாம்.

மாமா ‘தள்ளு’ மதத்துக்குத் தாவினார். சாவியை ஆனில் வைத்து, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விடும் அம்முறை ஏற்கத்தக்கதே. ஆனால் தள்ளுபவர் நானாகவும் கிளட்ச்சை விடுபவர் அவராகவும் இருக்கவேண்டும் என்றதால் கைவிடப்பட்டது.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப்பர் கேபிள் வந்தது. சிவப்பு பிளஸ்ஸுக்கு பிளஸ். கறுப்பின் கடைசி முனை என் எஞ்சினின் வெற்று இரும்பில். எஞ்சின் உறுமியது. கேபிளைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பினேன். காவலாளி அண்ணன் கைகளை ஆட்டி ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. பெரியவர் பேசும்போது மரியாதை வேண்டாமா? எஞ்சினை அணைத்துவிட்டு, “என்னண்ணே?” என்றேன்.

“அணைச்சிடாதீங்க சார்னு சொன்னேன்.”

சாவியைத் திருப்பினேன். டக டக டக டக டக. எண்ணிக்கொண்டேன், ஐந்து.