நான்காவது துளைக்குத் தடை

கேள்வி: பவுலிங் பந்தில் துளை போடுவதற்குக்கூட சட்டம் உண்டு என்கிறான் என் மச்சான். கதை விடுகிறானா?
– ஒரு வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: உங்கள் மச்சான் சொன்னது நிஜம்தான். பந்து 16 பவுண்டைத் தாண்டக்கூடாது, அதாவது ஏழேகால் கிலோ. ஆனால் சூட்சுமம் வயிற்றுக்குள். போட்டிப் பந்துக்குள்ளே கோணல்மாணலாக ஒரு கரு இருக்கும். பந்து சுழலும் அச்சிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து துளையிடுவதுதான் ‘லேஅவுட்’. சரியாகத் தள்ளி வைத்தால் பந்து தள்ளாடிக்கொண்டே உருளும். ஒவ்வொரு சுற்றிலும், தரையில் பூசிய எண்ணெய் படாத புது இடம் தரையைப் பற்றும். கடைசியில் வெடுக்கென்று வளையும்.

முன்பு எடையைச் சரிக்கட்ட, விரல் நுழையாத துளை ஒன்றையும் போட்டார்கள். அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டு, ஒரு பக்கம் 3 அவுன்ஸ் (85 கிராம்) வரை கூடுதலாகக் கனக்கலாம் என்று தாராளம் காட்டியது. 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்துக்குத்தான் இந்தச் சலுகை. கட்டைவிரலை நுழைக்காமல் வீசுகிறவரின் பந்தில் கட்டைவிரல் துளையே இருக்கக்கூடாது! வேலை செய்யாத துளைக்கு இடமில்லை. இந்த விதியை நாற்காலிகளுக்கும் நீட்டினால் பல அலுவலகங்கள் காலி.

அந்தக் காலத்தில் பந்தே மரம்தான். இப்போது ரெசின் வந்துவிட்டதால், 2021இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளுக்கு இதில் வேலையில்லை.

வாடகைப் பந்தில் இதையெல்லாம் தேடாதீர்கள். விரல் சிக்கிக்கொள்ளாத பந்தாகப் பார்த்து எடுங்கள், போதும்.