கிளிமூக்குச் சேவலின் குலத்தூய்மை: ஒரு வளைவியல் ஆய்வு

கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுள் எது அசல், எது கலப்பு என்னும் வினாவை இதற்குமுன் ஆராய்ந்தோர் அனைவரும் பிழைபட்டனர். அவர்கள் யாவர் என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது.

மேலைநாட்டார் இத்துறையில் முந்திக்கொண்டனர். கோழிக்கு இலக்கண நூல் இங்கிலாந்தில் 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் அச்சேறிவிட்டது. டார்கிங் கோழிக்குக் காலுக்கு ஐந்து விரல் வேண்டும். நான்கோடு பிறந்தால் குழம்புக்குத்தான். நமக்கு அச்சுநூல் தேவைப்படவில்லை. கண்காட்சிப் பந்தலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ம்ஹும், கலப்பு” என்று சொல்ல ஒரு பெரியவர் போதும்.

இனி இலக்கணம். நிறம்: காகம், கீரி, மயில் எனப் பல. கொண்டை: சண்டையைத் தவிர்க்க மேலே செல்வோம்.

மூக்கு. இங்கேதான் அறிஞர் உலகம் இரண்டுபட்டது. மேலலகு வளைந்து கீழலகைக் கவ்வ வேண்டும் என்பது கவ்வற் கொள்கை (காண்க: சந்தைமேட்டு டீக்கடை, கிழக்கு பெஞ்சு, முதல் கிளாஸ்). கவ்வினால் கம்பு பொறுக்குவது எப்படி, தொட்டால் போதும் என்பது தொடற் கொள்கை (மேற்படி கடை, எதிர் பெஞ்சு, கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டதால் உரை முற்றுப்பெறவில்லை). இரண்டும் கொள்ளத்தக்கனவே என்பது சமரசக் கொள்கை (மேற்படி கடை, கல்லா, வாய்மொழி, சில்லறை எண்ணியவாறே கூறியது). மூன்று தரப்பையும் நடுநிலையோடு ஆராய்ந்த நாம், கிளியையே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஒன்றே நெறி எனத் துணிந்தோம். ஆனால் நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே மூல அளவுகோல் புளியமரத்து உச்சியில் இருக்கிறது. ஆய்வாளர் கீழே நிற்கிறார். மூலச்சுவடியைக் கண்ணால் பாராமலே பாடபேதம் குறித்து நானூறு பக்கம் எழுதிப் பட்டம் பெற்றோர் உள்ள நாட்டில் இது ஒரு தடையன்று.

வாலைப் பற்றி எழுத இடமில்லை.

இதற்கிடையே அறிவியலார் வேறு குறுக்கிட்டனர். வீட்டுக்கோழி முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தது என்றே டார்வின் கருதினார். கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என 2008இல் உப்சாலா ஆய்வாளர்கள் கண்டனர். அதாவது மஞ்சள் காலைக் காட்டி “அசல் ரத்தம்” என்பவர், கலப்புக்கான சாட்சியைத்தான் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார். இந்த முடிவு பந்தலில் எடுத்துரைக்கப்பட்டது. “அந்த ஊர்க்காரன் சேவல் வச்சிருக்கானா?” என்ற ஒரே மறுப்பில் அது தள்ளுபடியானது.

எஞ்சியது வம்சாவளி. இதில் எந்த வளர்ப்பாளரும் தயங்குவதில்லை. தகப்பன் சேவல் எந்த ஊர்க் கண்காட்சியில் பரிசு வாங்கியது, பாட்டன் எத்தனை ஆயிரத்துக்குப் போனது, கொள்ளுப்பாட்டனைக் கேட்டு யார் காரில் வந்தார்கள் என அடுக்கிக்கொண்டே போவார். தாய்க்கோழி எது என்று கேட்டால்தான், “அது ஒரு நல்ல பெட்டைங்க” என்று வரலாறு முடிந்துவிடும். பிறப்பில் பாதி அவளுடையது என்பதை எந்த டீக்கடை மரபும் இதுவரை பதிவு செய்யவில்லை.

எனவே சேவல் வாங்கப் போகும் வாசகர்களே, மூக்கை அளக்காதீர்கள். தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். செல்போனை எடுத்துத் தகப்பனின் வீடியோவைப் போட்டால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.