காவேரியைப் பிடித்து சர்க்யூட் போட்ட கதை

1827-ல் ஜெர்மனியில் ஜார்ஜ் சைமன் ஓம் என்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒரு புத்தகம் போட்டார். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும், தடை கூடினால் ஓட்டம் குறையும். சாரம் இவ்வளவுதான். படித்த பெரிய மனிதர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மனம் வெறுத்துப்போய் வேலையையே விட்டார் மனிதர். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்த பிறகுதான், ‘அடடே, நம்ம ஓம்!’ என்று ஊர்க்காரர்களுக்கு ஞானம் பிறந்தது.

அங்கே கிடந்து அல்லாடியதற்கு அவர் ஒகேனக்கல் வந்திருக்கலாம். பரிசல்காரர்கள் இரண்டே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். மேலே பாறைத் தட்டில் நிற்கிற ஆற்றுக்கும் கீழே பள்ளத்தில் ஓடுகிற ஆற்றுக்கும் இடையே சுமார் 20 மீட்டர், அது மின்னழுத்தம். விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்பது மின்னோட்டம். நடுவில் மறிக்கிற பாறை, தடை. ஆறு மெயின் அருவி, சினி ஃபால்ஸ், ஐந்தருவி என்று பிரிந்து விழுகிறதே, அது பக்க இணைப்பு: எல்லாக் கிளைக்கும் உயரம் ஒன்றுதான், தண்ணீர் மட்டும் பங்கு பிரிகிறது, கீழே சேர்த்துக் கூட்டினால் பழைய கணக்கு. உயரத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் திறன். எண்ணெய் மசாஜ் முடித்துக்கொண்டு அருவிக்கடியில் போய் நிற்கிறவர்கள் முதுகில் வாங்குவது அதைத்தான்.

இந்தப் பெருக்கல் கணக்கை நமக்கு முன்னால் மைசூர்க்காரர்கள் போட்டுவிட்டார்கள். ஆற்றோடு மேலே போனால் சிவசமுத்திரம். அங்கே காவேரி விழுவது சுமார் 100 மீட்டர். அதே தண்ணீருக்கு ஒகேனக்கல்லைவிட ஐந்து மடங்கு திறன். திவான் சேஷாத்ரி ஐயரும் ஜோலி டி லோட்பினியர் என்ற பட்டாளத்து எஞ்சினியரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். எதிர்க்கரை கொள்ளேகால் அப்போது நம்ம கோயம்புத்தூர் ஜில்லா. நாம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

ஜெனரேட்டர் அமெரிக்காவிலிருந்து வந்தது, டர்பைன் சுவிட்சர்லாந்திலிருந்து. 1902 ஜூன் 30-ல் மின்சாரம் ஓடியது. பார்க்க சேஷாத்ரி ஐயர் இல்லை. முந்தின வருஷமே காலமாகிவிட்டார்.

மின்சாரம் எங்கே போனது? மகாராஜா அரண்மனைக்கா? கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். உலகமே வாய் பிளந்த தூரம். கம்பிக்கும் தடை உண்டு, ஓடுகிற மின்சாரத்தில் கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பது ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஓட்டத்தைப் பத்தில் ஒரு பங்காக்கி, அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் போய்ச் சேரும் திறன் அதேதான், சேதாரம் நூற்றில் ஒன்று. அதனால்தான் 30 ஆயிரம் வோல்ட் வாக்கில் ஏற்றி அனுப்பினார்கள். தங்கத்தில் சேதாரம் பார்க்கிற தொழிலுக்குப் பொருத்தமான ஃபார்முலா.

பெங்களூர்த் தெருவிளக்குக்கு 1905-ல்தான் முறை வந்தது, ராஜதானி மைசூருக்கு அதற்கும் அப்புறம். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். ஒகேனக்கல் அப்போது சேலம் ஜில்லா. ஆக இங்கிருந்து ஆட்கள் மேலே போனார்கள். மின்சாரத்தை உருவி முடித்த தண்ணீர் கீழே வந்தது.

கோடையில் காவேரி வற்றினால் சுரங்கத்து மோட்டார் முனகும். வருஷம் முழுக்க ஒரே சீராகத் தண்ணீர் வேண்டும் என்பது கண்ணம்பாடி அணை கட்டக் கிளம்பியதற்கு ஒரு காரணம், பாசனம் இன்னொன்று. மைசூர் எஞ்சினியர் விஸ்வேஸ்வரய்யா 1911-ல் வேலையைத் தொடங்க, சென்னை மாகாணம் எகிற, கடிதம், கமிட்டி, கச்சேரி எல்லாம் நடந்து 1924-ல் ஒப்பந்தமானது. மறு வருஷம் நாம் மேட்டூரில் கடைக்கால் தோண்டினோம். 1934-ல் அணை முடிந்தது. 1937-ல் அங்கேயும் மின்சாரம். பல்பு எரியக் கிளம்பிய தகராறு இன்னும் எரிகிறது.

அதற்காக மீட்டர் வைத்திருக்கிறோம். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைத் தொடர் இணைப்பில்தான் வைக்க வேண்டும், மொத்த ஓட்டமும் அதற்குள் நுழைந்து வரவேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் வைத்திருப்பது அந்த ஜாதி. வருஷத்துக்கு 177.25 டிஎம்சி காட்ட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே ரீடிங் நிர்ணயித்த அம்மீட்டர் உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. வோல்ட் மீட்டர் மேட்டூரில் இருக்கிறது: முழு மட்டம் 120 அடி. இரண்டையும் பேப்பரில் தினமும் படித்துவிட்டு, பிசிக்ஸ் வராது என்கிறோம். நீர்வரத்து எகிறினால் கலெக்டர் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவார். அதுதான் ஃபியூஸ். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், காலையாவது நனைக்க விடுங்க சார்’ என்று போலீஸ்காரரிடம் கெஞ்சுகிறவர்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் தடிமனான கம்பியைச் சொருகுகிற ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

மேலேயும் மின்சாரம், கீழேயும் மின்சாரம், நடுவில் ஒகேனக்கல்லில்? மீன் வறுவல். திட்டம் இல்லாமல் இல்லை. சிவசமுத்திரம், மேகதாது, ராசிமணல், ஒகேனக்கல் என்று நான்கு இடங்களில் நீர்மின் நிலையம் என மத்திய அரசு நிறுவனம் பல வருஷங்களுக்கு முன்பே காகிதத்தில் எழுதியது. ஒகேனக்கல்லைப் பொறுத்தவரை அது காகிதத்திலேயே நிற்கிறது. காகிதம் நல்ல இன்சுலேட்டர்.

உருப்படியாக வந்தது வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். பல்லையும் எலும்பையும் பாழாக்கும். அதற்கு மாற்றாக ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டியதும் கர்நாடகப் பக்கம் போராட்டம், தமிழ்நாட்டுப் பக்கம் பதில் போராட்டம். 2013-ல் தண்ணீர் வந்தது. ஆனால் ஆறு கிடப்பது பள்ளத்தில், ஊர்கள் இருப்பது மேட்டில். எனவே 20 மீட்டர் சும்மா விழுந்து ஒரு யூனிட் கூடத் தராத அதே காவேரியை, மோட்டார் வைத்து, கரண்ட் செலவழித்து, பென்னாகரம் மேட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டிருக்கிறோம்.